மேசையைத் திருப்பியவள்

எங்கள் ஐஸ் பெக்டறியில் கணக்கு எழுதும் கந்தோரில் ஒரு மேசை இருந்தது. எழுதினால் ஆடும், தேநீர் வைத்தால் ஆடும், முதலாளி கையை ஊன்றி எழும்பினால் தானும் கூட எழும்பப் பார்க்கும். அதன் ஒரு காலுக்குக் கீழே நாலாக மடித்த மட்டை ஒன்று நிரந்தரமாகக் கிடந்தது. இரண்டு தச்சர்கள் வந்து அந்தக் காலைச் சீவியும் ஒட்டியும் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பழைய மேசை, அதன் குணம் அப்படி என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அவள் வந்த முதல் நாள், கணினியை அதில் வைப்பதற்கு முன் குனிந்து மட்டையை எடுத்துவிட்டாள். மேசையை ஆட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம், "நானா, அந்தப் பக்கம் ஒருக்காப் பிடியுங்கோ, கால்வாசி திருப்புவம்" என்றாள். திருப்பினோம். முன்பு ஆடிய கால் இப்போது சுவரோரம் போய்விட்டது. அது இருந்த மூலைக்கு வேறொரு கால் வந்தது. மறுபடி ஆட்டினாள். அதே மூலையில்தான் ஆடியது.

"மேசையின்ர பிழை எண்டால் மேசையோட சேந்து திரும்பியிருக்கும். இது திரும்பேல்லை. பிழை நிலத்தில" என்றாள்.

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடமாக இந்த மேசையைத் திட்டிய திட்டெல்லாம் வீணா என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. மட்டையை மடித்து, புதுக் காலுக்குக் கீழே வைத்துவிட்டு, கணினியின் வயர்களைப் பிரிக்கத் தொடங்கினாள்.

முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல அவள் என்னை நானா என்றாள், நேரில் நான் அவளை "தங்கச்சி, நீங்கள்" என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போது அவள் என்றுதான் வருகிறது. படித்த பிள்ளையை மரியாதை இல்லாமல் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். "அவர்" என்று எழுதினால் எங்கேயோ தூரத்தில் நிற்கிற ஆள் மாதிரி இருக்கிறது. அந்தத் தூரம் ஏற்கெனவே போதும்.

பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற வருடம் அது. ஊர்களை ஏ, பி என்று எழுத்து எழுத்தாகப் பிரித்து, மின்சாரம் இந்த எழுத்துக்காரருக்கு இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை இல்லை என்று அட்டவணை போட்டு வெட்டினார்கள். முல்லைத்தீவில் கரண்ட் நிற்காத இடம் என்றால் எங்கள் ஐஸ் பெக்டறி ஒன்றுதான். ஜெனரேற்றருக்கு முதலாளி எங்கிருந்தோ டீசல் கொண்டுவருவார். எங்கிருந்து என்று நான் கேட்டதில்லை. இதை எப்படியோ கேள்விப்பட்டு, கண்டாவளையிலிருந்து இரண்டு பஸ் மாறி, அரிசிச் சாக்கில் கணினியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது இருக்கும். வெளியூர்க் கம்பஸ் ஒன்றில் தற்காலிக விரிவுரையாளர். ஆராய்ச்சிப் பட்டம் ஒன்று முடிக்க வேண்டும், முடித்தால் வேலை நிரந்தரம்.

"உந்த மிசின் என்ன செய்யும்?" என்று முதலாளி கேட்டார்.

"உருக்கின உருக்கு ஆறி உறையேக்கை உள்ளுக்குப் பளிங்கு என்னண்டு வளருது எண்டு பாக்கும் ஐயா."

"எங்க உருக்கு?"

"உருக்கு இல்லை. கணக்கு மட்டும்தான்."

முதலாளி என்னைப் பார்த்தார். "நாங்கள் இருக்கிற தண்ணியை உறையவைக்கவே நாக்குத் தள்ளுது. இந்தப் பிள்ளை இல்லாத உருக்கை உறையவைக்கப் போகுதாம். வைச்சிட்டுப் போகட்டும், ஒரு மேசைதானே" என்றார்.

நான் அங்கே கிளாக்கர். பெயருக்குத்தான் கிளாக்கர். தகர அச்சுகளில் தண்ணீர் ஊற்றுவது, அவற்றை உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவது, உறைந்த கட்டிகளைக் கிளப்புவது என்று எல்லா வேலைக்கும் ஆள். புத்தளத்தில் இருந்த காலத்தில் பழகிய தொழில். ஐஸ் வேலை செய்பவனுடைய விரல்களுக்குச் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. அது ஒரு வசதி.

அன்று மத்தியானம் அவள் தொட்டிப் பக்கம் வந்து நின்றாள். கட்டி ஒன்றைக் கிளப்பிச் சீமெந்தில் சரித்திருந்தோம். ஐஸ் கட்டி வெளியிலிருந்து உள்ளே உறையும். ஓரம் கண்ணாடியாக இருக்கும், நடு வெள்ளையாக இருக்கும். தண்ணீரில் இருந்த காற்று, உப்பு, ஊத்தை எல்லாம் ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில் நடுவில் போய்ச் சேரும். அவள் குந்தியிருந்து பார்த்தாள். எழும்பி மற்றப் பக்கம் போய்ப் பார்த்தாள். கட்டியை ஒருதரம் புரட்டச் சொன்னாள். புரட்டினோம்.

"இந்தக் கோடு என்ன நானா?"

கண்ணாடிப் பகுதிக்குள்ளே நூல் போல ஒரு வெள்ளைக் கோடு நாலு பக்கமும் சுற்றி ஓடியிருந்தது. எனக்குப் பெருமை வந்துவிட்டது. என்னிடம் படித்தவர்கள் கேள்வி கேட்பது குறைவு.

"நேத்துப் பெல்ட் அறுந்து ரெண்டு மணித்தியாலம் மிசின் நிண்டது தங்கச்சி. நிண்ட இடத்தில கோடு விழும். எத்தினை மணிக்கு நிண்டது எண்டு கோட்டைப் பாத்தே சொல்லுவன். ஐஸிட்டப் பொய் சொல்லேலாது."

அவள் அந்தக் கோட்டின் மேல் கையை ஓட்டிப் பார்த்தாள். "உருக்கும் இப்பிடித்தான் நானா. நடுவுதான் கடைசியா உறையும், ஊத்தையெல்லாம் அங்கதான் ஒதுங்கும். ஆனா அதை வெட்டித்தான் பாக்கோணும். உங்கட ஐஸ் வெட்டாமலே சொல்லுது" என்றாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஐஸிடம் பொய் சொல்ல முடியாது என்று சொன்னவன் நான்தான். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

அவள் கணினியில் செய்ததை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். திரை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சதுரக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் கொஞ்சம் உருக்கு. அது உருகிக் கிடக்கும் அல்லது உறைந்திருக்கும். கணினி ஒவ்வொரு கட்டமாகப் போய், உன் பக்கத்து வீட்டுக்காரன் உறைந்துவிட்டானா, நீ எவ்வளவு சூடு என்று விசாரிக்கும். எல்லாக் கட்டத்தையும் விசாரித்து முடிந்ததும் மறுபடி முதலாவதிலிருந்து. இப்படி நாள்கணக்கில். நடுவில் அவள் ஒரு வித்து வைப்பாள். அதிலிருந்து நாலு பக்கமும் நாலு கிளை வரும், கிளையில் கிளை வரும். தின்று முடித்த பாரைமீன் முள்ளை நாலைந்து பொருத்தி வைத்த மாதிரி இருக்கும். உருக்கு உறையும்போது உள்ளே அப்படித்தானாம் வளரும். கிளைகளுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி என்பதில்தான் அந்த உருக்கு தாங்குமா முறியுமா என்பது இருக்கிறதாம்.

"வடிவா இருக்குத்தானே, பிறகென்ன?" என்று கேட்டேன்.

"வடிவா இருக்கிறதுதான் பயமா இருக்கு. உருக்குப் பளிங்குக்கும் நாலு பக்கம். நான் போட்ட கட்டத்துக்கும் நாலு பக்கம். நாலு கிளை வாறது உருக்கின்ர குணமோ, என்ர கட்டத்தின்ர குணமோ?"

அது அவளுக்கே தெரியாது என்பதுதான் விசயம். வித்தை நேரே வைத்து அவள் நாலு வருடமாகப் படம் படமாகச் சேர்த்திருந்தாள். அது போதும், எழுதிக் கொடு என்று அவளுடைய பேராசிரியரும் சொல்லிவிட்டார். கணினியைக் கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிடும் சின்ன ஓட்டங்களில் வித்தைத் திருப்பி வைத்தும் பார்த்திருக்கிறாள், சரியாக வந்திருக்கிறது. பெரிய ஓட்டத்தில் மட்டும் பார்க்கவில்லை. அதில் உருக்கு மிக மெதுவாக ஆறும். மெதுவாக வளரும்போதுதான் கட்டம் பிடித்து இழுக்கும் என்று அவளுக்கு ஒரு சந்தேகம். வித்தைச் சரித்து வைத்து வளரவிட்டால், கிளைகளும் சரிந்தே வளர வேண்டும். அப்படி வளர்ந்தால் அது உருக்கின் குணம். சரித்து வைத்த பிறகும் கிளைகள் நிமிர்ந்து கட்டத்தோடு போனால், நாலு வருடமாக அவள் பார்த்தது உருக்கையே இல்லை. மேசையும் நிலமும்தான்.

யாரும் கேட்காத சோதனை அது. அதற்குப் பதினொரு நாள் நிற்காமல் மின்சாரம் வேண்டும். பதினைந்தாம் நாள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். தவணை ஏற்கெனவே இரண்டு தரம் நீட்டி வாங்கியாயிற்று, இனி நீட்ட மாட்டார்கள். இந்த நெருக்கடியில் வந்து அவள் மேசையைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள்.

சொல்லப்போனால் அவளுடைய இந்தக் குணம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. மனிதர்களையும் அவள் அப்படித்தான் திருப்பினாள். "கடைசி பஸ் எத்தினை மணிக்கு நானா?" என்று காலையில் கேட்பாள். ஐந்தே கால் என்பேன். மத்தியானம் வேறு ஏதோ கதைத்துக்கொண்டிருக்கும்போது, "பஸ்ஸால போறவை எத்தினை மணிக்கு இஞ்ச வேலையால வெளிக்கிடுவினம்?" என்பாள். இரண்டு பதிலும் பொருந்தினால்தான் ஐந்தே கால் என்பதை நம்புவாள். மீன் கொண்டுவருபவரிடம் எப்போது பிடித்த மீன் என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து எந்தக் காற்றுக்குக் கடலுக்குப் போனீர்கள் என்று கேட்பாள். ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்பவர்களை எங்கள் பகுதி ஆட்களுக்கு ஆகாது. அப்படிக் கேட்டவர்களை நாங்கள் வேறு இடங்களில் கண்டிருக்கிறோம்.

ஒருநாள் அதை அவளிடமே சொன்னேன். "நீங்கள் பொலிஸ் மாதிரிக் கேக்கிறீங்கள் தங்கச்சி."

அவள் கோபிக்கவில்லை. "அவை உங்களைப் பிடிக்கக் கேட்டவை. நான் என்னை நம்பாமல் கேக்கிறன்" என்றாள். பிறகு தன் ஊர்க் கதை ஒன்று சொன்னாள். அவர்களுடையது குடியேற்றக் காணி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு வாய்க்கால் வெட்டி, சதுரம் சதுரமாக வயல் பிரித்துக் கொடுத்தது. "எங்கட பக்கம் மாடு கூட வாய்க்கால் வரம்பிலதான் நடக்கும். வெளியில இருந்து வாறவன் பாத்திட்டு, வன்னி மாடு சதுரமா நடக்கும் எண்டு எழுதிக்கொண்டு போவான். மாட்டை ஒருக்காக் காட்டுக்கை விட்டுப் பாத்தால்தானே தெரியும்?"

நான் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் கேள்விகள் எனக்கு அவ்வளவு குத்தவில்லை. பிடித்தும் போனது என்றே சொல்ல வேண்டும்.

ஓட்டத்தைத் தொடங்கிவிட்டு அவள் ஊருக்குப் போய்விட்டாள். ஆய்வேட்டின் மிச்சத்தை வீட்டில் இருந்து எழுத வேண்டும். கரண்ட் போய் ஜெனரேற்றர் பிடிக்கும்வரை தாங்குவதற்கு ஒரு பற்றரிப் பெட்டியைக் கணினியோடு பூட்டியிருந்தாள். எனக்கு ஒரே ஒரு வேலை: தினமும் காலை ஆறு மணிக்குக் கந்தோரைத் திறந்ததும் திரையைப் போனில் படம் எடுத்து அனுப்புவது.

"நேரே நிண்டு எடுங்கோ நானா. போனைச் சரிச்சால் கிளையும் சரிஞ்சு தெரியும்" என்று இரண்டு தரம் சொன்னாள். இரண்டு விதமாக.

முதல் நாள் திரையில் ஒரு புள்ளி. மூன்றாம் நாள் நாலு கிளை, எல்லாம் சரிந்து, காற்றுக்குச் சாய்ந்த மாதிரி. அனுப்பினேன். "வடிவு" என்று பதில் வந்தது. ஐந்தாம் நாள், ஏழாம் நாள், அதே சரிவு. எனக்கே ஒரு பற்று வந்துவிட்டது. ஐஸ் ஏற்ற வருபவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். பளிங்கு என்றேன், கட்டம் என்றேன், பெரிய ஆள் மாதிரி. எட்டாம் நாள் கிளை நுனிகள் கொஞ்சம் நிமிர்ந்தது போல இருந்தது. அனுப்பினேன். அன்று அவளே போன் எடுத்தாள்.

"நாளைக்குத்தான் தெரியும் நானா. நாளைக்குக் காலமைப் படத்தைக் கட்டாயம் அனுப்புங்கோ."

"சரியா வரும் தங்கச்சி."

"சரியோ பிழையோ, வரட்டும்" என்றாள். குரல் களைத்திருந்தது.

ஒன்பதாம் நாள் காலை ஆறு மணிக்குத் திறந்தேன். இரவு மிசின்காரர் அப்போதுதான் போனார், மற்றவர்கள் இன்னும் வரவில்லை. திரையைப் பார்த்தேன். நுனிகள் எல்லாம் நிமிர்ந்துவிட்டன. வேரில் சரிந்து, போகப் போக வளைந்து, கடைசியில் நாலும் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோலக் கட்டத்தோடு நேரே போய்க்கொண்டிருந்தன. கிளைக்குள் கிளையும் அப்படியே. எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நேரே நின்று படம் எடுத்தேன்.

அனுப்பவில்லை.

இங்கே எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வயதில் எங்கள் முஸ்லிம் ஆட்களை எல்லாம் இந்த மண்ணிலிருந்து வெளியேற்றினார்கள். புத்தளத்தில் முகாம். பல வருடம் கழித்துச் சண்டை ஓய்ந்திருந்த ஒரு சமயத்தில் என் மூத்த சகோதரர் எங்கள் ஊரான தண்ணீரூற்றுக்குப் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். வீடு இல்லை. கிணற்றுக்கட்டு மட்டும் இருந்தது. வாப்பாவிடம், "வீடு நிக்குது வாப்பா, ஓடு கொஞ்சம் போயிருக்கு" என்றார். வாப்பா அதன் பிறகு ஆறு வருடம் இருந்தார். போனதும் முதலில் எந்தப் பக்க ஓட்டை மாற்றுவது என்பதைப் பற்றியே கதைத்துக்கொண்டு, சந்தோசமாக இருந்து மௌத்தானார். அந்தப் பொய்யை நான் கூட இருந்து காப்பாற்றியவன். அது நல்ல பொய் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆகவே அன்று காலை எனக்கு இப்படித்தான் ஓடியது. இந்தப் படம் போனால் அவள் நாலு வருடத்தைத் தூக்கி எறிந்துவிடுவாள். எறியக்கூடிய ஆள்தான். படம் போகாவிட்டால்? கரண்ட் நின்றது, ஓட்டம் நின்றது, யார்மேலும் பிழை இல்லை. கையில் இருப்பதைப் பேராசிரியர் சொன்னபடி எழுதிக் கொடுப்பாள். வேலை நிரந்தரமாகும். ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை.

கந்தோருக்கு மட்டும் போகும் மெயின் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் இருந்தது. கீழே இழுத்தேன். பற்றரிப் பெட்டி கீச்சிடத் தொடங்கியது. ஐந்து நிமிடத்துக்கு மேல் அது தாங்கியது. அந்த ஐந்து நிமிடமும் நான் சுவிட்சுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். மேலே தள்ளியிருக்கலாம். கை பக்கத்தில்தான் இருந்தது. கீச்சு நின்று திரை கறுத்தது. எங்கள் ஊரில் கரண்ட் போனால் ஒருதரம் வந்துவிட்டுத்தான் போகும். அதையும் அப்படியே செய்தேன். மேலே, கீழே, மேலே. அதில்தான் கணினி படங்களைச் சேர்த்து வைக்கும் தட்டு செத்திருக்க வேண்டும். அதை நான் நினைக்கவில்லை. நிறுத்தத்தான் நினைத்தேன்.

ஏழு மணிக்குப் போன் எடுத்தேன். "தங்கச்சி, கரண்ட் நிண்டிட்டுது."

"எத்தினை மணிக்கு?"

"நாலு மணிபோல. ஜெனரேற்றரும் பிடிக்கேல்லை. ஆறரைக்குத்தான் வந்தது."

"வாறன்" என்றாள்.

பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். தொட்டியிலிருந்து கட்டிகளைக் கிளப்பிக்கொண்டிருந்தோம். நேரே கந்தோருக்குப் போகாமல் தொட்டியடியில் நின்றாள். சரித்துக் கிடந்த கட்டிக்குப் பக்கத்தில் குந்தினாள், மற்றப் பக்கம் போய்ப் பார்த்தாள், கையால் தடவினாள். அவள் எப்போதும் செய்வதுதான்.

"இது எப்ப ஊத்தின தண்ணி நானா?"

"நேத்துக் காலமை."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். கணினியைப் போட்டாள். திரையில் ஒரு வரி வந்து அப்படியே நின்றது. மறுபடி போட்டாள். மூன்றாம் தரம் போட்டாள். "தட்டுப் பழுதாப் போட்டுது. இந்த ஓட்டத்தின்ர எல்லாப் படமும் அதுக்குள்ளதான்" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள்.

"காலமை படம் எடுத்தனீங்களோ நானா?"

"இல்லை. நான் வரேக்கையே நிண்டிட்டுது."

முதலாளி தேநீர் அனுப்பியிருந்தார். அவள் கதிரையில் இருந்து குடித்தாள். நான் எதிரில் நின்றேன். எனக்கு ஒரு ஆறுதல் சொல்ல வேண்டும் போல இருந்தது. "இருக்கிறதை எழுதிக் குடுங்கோ தங்கச்சி. ஆர் கேக்கப் போயினம்?" என்றேன்.

"ஒருத்தரும் கேக்காயினம்" என்றாள். "பிழை எண்டு வந்திருந்தால் நல்லது நானா. கட்டம் இந்த இடத்தில பொய் சொல்லுது எண்டு ஒரு அதிகாரம் எழுதியிருப்பன். அதுவும் ஒரு கண்டுபிடிப்புத்தான். அதுக்கும் பட்டம் குடுப்பினம். ஒரே ஒரு படம் இருந்தால் காணும். தெரியாமல்தான் எழுதேலாது."

என் போன் சேர்ட் பொக்கற்றில் இருந்தது. படம் அதற்குள் இருந்தது. அந்த நேரம் எடுத்து நீட்டியிருந்தால் எல்லாம் சரிவந்திருக்கும். அது எனக்குத் தெரிந்தது. நீட்டினால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும் என்பதும் தெரிந்தது. வெட்கம் என்று சொல்வார்களா, பயம் என்று சொல்வார்களா தெரியாது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விரல் மாதிரி மனதும் விறைத்துப் போயிருந்தது.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் கேட்டாள். "எட்டாம் நாளுக்குப் பிறகு அந்தத் திரையில என்ன இருந்தது எண்டு நீங்கள் காணவே இல்லையோ நானா?"

"இல்லைத் தங்கச்சி."

சரி என்றாள். சாக்கைக் கட்டினாள். முதலாளிக்கு நன்றி சொன்னாள், எனக்கும் சொன்னாள். ஐந்தே கால் பஸ் வரும்வரை காத்திருக்கவில்லை. வந்த முதல் ஓட்டோவில் ஏறிப் போனாள்.

அவள் ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் தற்காலிக வேலையும் முடிந்துபோனது என்று முதலாளிதான் எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். கண்டாவளையில் விதைநெல் கொடுக்கும் இடமொன்றில் கணினி வேலை செய்கிறாளாம். நான் போன் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. அந்தக் காலையை நினைத்தால் வலிப்பதில்லை. வலித்தால் நல்லது என்று சிலவேளை நினைப்பேன்.

சென்ற மாதம் முதலாளி கந்தோர் நிலத்துக்கு மாபிள் பதிக்க ஆள் கூட்டி வந்தார். மேசன் மட்டப்பலகையை அங்குமிங்கும் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த மூலை பள்ளம் ஐயா. ஆரோ ஆரம்பத்திலயே பிழையா ஊத்தியிருக்கினம்" என்றார். முதலாளி பெரிதாகச் சிரித்தார். "அந்த உருக்குப் பிள்ளை அண்டைக்கே சொன்னது, என்ன தம்பி?" என்று என் முதுகில் தட்டினார்.

நான் வெளியே போய்த் தொட்டியடியில் நின்று போனை எடுத்தேன். போன் மாறிவிட்டது, படம் மாறவில்லை. அவளுடைய பழைய இலக்கத்துக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை. எழுத எனக்கு என்ன இருக்கிறது?

அரை மணித்தியாலம் கழித்துப் பதில் வந்தது. "நேரே நிண்டு எடுத்ததோ, போனைச் சரிச்சு எடுத்ததோ?"

"நேரே" என்று எழுதினேன்.

"அப்ப சரி. போன வருசம் ஒரு ஆளின்ர கணினியில திரும்பவும் ஓடவிட்டனான். அதிலயும் ஒன்பதாம் நாள் இப்பிடித்தான் நிமிந்தது. ஒரு ஓட்டத்தை நம்பேலாது எண்டு வைச்சிருந்தன். இப்ப ரெண்டு இருக்கு. இனி எழுதலாம். நன்றி நானா."

நன்றி என்ற அந்தச் சொல்லை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, மூன்று வருடமாக எழுதாத வரியை எழுதினேன். "தங்கச்சி, அண்டைக்குக் கரண்ட் நிக்கேல்லை."

இந்த முறை பதில் உடனே வந்தது.

"தெரியும் நானா. அண்டைக்கு வந்து இறங்கினவுடனேயே தெரியும். கட்டியில கோடு இல்லை."

எனக்கு முன்னால் அன்றைய கட்டிகள் சீமெந்தில் சரிந்து கிடந்தன. கந்தோர்ச் சுவிட்சை மட்டும்தான் இழுத்தேன், ஐஸ் மிசின் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஐஸ்காரன் எனக்கு அது தோன்றவில்லை.

அப்படியென்றால் கதிரையில் இருந்து தேநீர் குடித்தபோது அவளுக்குத் தெரியும். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டாம் தரம் கேட்டபோதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் என்னை ஒருதரம் திருப்பி வைத்துக் கேட்டாள். நான் அதற்கும் இல்லை என்றுதான் சொன்னேன்.